ஆறு கண்ணிப் பூ

அக்டோபர் 11, வெள்ளி

இரும்பு வார்க்கும் பவுண்டரியின் ஆயுத பூசைக்கு இன்று இருந்தவர்கள்: முதலாளி, முதலாளியம்மா, மேனேஜர் சம்பத்குமார், என் வீட்டுக்காரர், லைன் ஆட்கள் பதினான்கு பேர், கேண்டீன் ராஜம்மாள், நான். ஆக இருபது. வாட்ச்மேன் கேட்டை விட்டு வரவில்லை, அவரைச் சேர்க்கவில்லை. பொரிப் பொட்டலம் இருபத்தைந்து கொண்டுபோனேன். ஆளுக்கு ஒன்று, வாட்ச்மேனுக்கு இரண்டு. மூன்று திரும்பி வந்தது.

பாரம் தூக்கும் சாமான்களுக்குப் பொட்டு வைத்துப் பூக் கட்டுவது பத்து வருடமாக என் பொறுப்பு. அவற்றைச் சோதிக்கிறவர் என் வீட்டுக்காரர். செயின், கொக்கி, பெல்ட், செயின் பிளாக், எல்லாம் அவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஸ்டாண்டில் தொங்கும். சோதனை நோட்டுப்படி இருபத்திரண்டு சாமான். அதனால் சாமந்தி இருபத்திரண்டு துண்டு, துண்டுக்குப் பன்னிரண்டு கண்ணி, வீட்டிலேயே கட்டி எடுத்துப்போனேன்.

லைன் ஆட்களில் திருமூர்த்தி வழக்கம்போல வாயடித்தான். "அக்கா, எங்களுக்கும் ஒரு பொட்டு வெச்சு உடுங்க. நாங்களுந்தானே தூக்கறோம்" என்று நெற்றியை நீட்டினான். வைத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மூலையில் கம்பிக் கூண்டுக்குள் பதினேழாம் நம்பர் செயின் தனியாகக் கிடந்தது. இழுத்து இழுத்து ஒரு வளையம் நீண்டுவிட்டதால் கழித்துப் போட்டது. நேற்றே கேஸ் வைத்து அறுத்திருப்பார். நான்தான் போனில், "நாளைக்குப் பூசைங்க, இன்னைக்கு ஆயுதத்தை அறுக்காதீங்க" என்றேன். பன்னிரண்டு வருடம் பாரம் சுமந்தது. ஓய்ந்ததற்குத்தான் முதலில் பொட்டு வைக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதற்கும் வைத்தேன். பூ பத்தவில்லை. கடைசித் துண்டைப் பாதியாக்கி, இதற்கு ஆறு கண்ணி, பக்கத்துப் பெல்ட்டுக்கு ஆறு கண்ணி.

யாருக்கும் குறை வைக்கவில்லை. முருகா.

அக்டோபர் 12, சனி

புரட்டாசிச் சனி. ஒரு பொழுது. பூசைக் கூடை இன்னும் கழுவவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஞாயிறு என்றால் சோதனை நோட்டைச் சுத்தமாக எடுத்தெழுதும் நாள். அவர் எழுத்து அவருக்கே புரியாது. சிகரெட் அட்டையில், பஸ் டிக்கெட் பின்பக்கம் என்று குறித்துக்கொண்டு வருவார். நான் எட்டாவது வரைதான். ஆனால் இந்த நோட்டை எழுதி எழுதியே ஷேக்கிள் எது, ஐ-போல்ட் எது, கொக்கியின் வாய் எவ்வளவு விரிந்தால் கழிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் இல்லாதபோது யாராவது போனில் கேட்டால் நானே சொல்லிவிடுவேன்.

கழித்ததற்குக் கட்டும் தகடும் இந்த வீட்டில்தான் தயாராகிறது. எண்ணெய் டின்னை அவர் வெட்டிக் கொடுப்பார். நான் சிவப்படித்து, காய்ந்தபின் வெள்ளையில் "எடுக்காதே" என்று எழுதுவேன். லைனில் பாதிப் பேருக்கு நம்பர் பார்க்கப் பொறுமை கிடையாது. தகடு இருந்தால் தொட மாட்டார்கள், இல்லாவிட்டால் எடுப்பார்கள். அவ்வளவுதான் சட்டம்.

திங்கள்தோறும் கூண்டைப் பார்த்து நோட்டில் ஒரு வரி ஏற்ற வேண்டும். நாளைக்கு நினைவுபடுத்த வேண்டும்.

அக்டோபர் 14, திங்கள்

இட்லிக்கு ஆட்டினேன். மாவு பொங்கவில்லை. அவர் அவசரமாகப் போனார். உலைப் பக்கம் ஏதோ ரிப்பேராம். நினைவுபடுத்த மறந்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

பத்தரை மணிக்கு ராஜம்மாள் போன் செய்தாள். அழுகையில் பாதி விளங்கவில்லை. வார்ப்பு மணல் அடைத்த மோல்டு பாக்ஸைத் தூக்கும்போது செயின் அறுந்து பாக்ஸ் திருமூர்த்தியின் இடது பாதத்தின் மேல் விழுந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை.

"எந்தச் செயினு ராஜம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கென்னங்க தெரியும்? காலைப் பாப்பனா, செயினைப் பாப்பனா?" என்றாள்.

சாமி விளக்கு அணைந்திருந்தது. எண்ணெய் இருந்தது, திரியும் இருந்தது. மறுபடி ஏற்றினேன்.

அக்டோபர் 16, புதன்

அவர் காபியை வைத்துக்கொண்டு அது ஆடை கட்டும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"நாகு, அன்னிக்கு அந்தத் தகட்டை எங்க வெச்ச?"

"எந்தத் தகடுங்க?" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. இன்று கீரை, ரசம். இரண்டும் மிஞ்சியது.

அக்டோபர் 17, வியாழன்

சோதனை நோட்டில் ஒரு வரி எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அடுப்பில் பருப்பு தீய்ந்துவிட்டது.

அக்டோபர் 18, வெள்ளி

பூசைக் கூடையைக் கழுவினேன். அடியில் பொரி நமுத்துப் போயிருந்தது. ஒரு வாழைப்பழம் கறுத்திருந்தது. அதற்கும் அடியில் சிவப்புத் தகடு ஒன்று, மஞ்சள் ஒட்டி. கம்பி அப்படியே இருந்தது.

துடைத்து, அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். துருப்பிடிக்காமல் இருக்கும் என்று.

அக்டோபர் 20, ஞாயிறு

மேட்டுக்கோயிலில் பூக் கேட்கப் போனேன். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துக் குலுக்கி, அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால் சொல்வது, சிவப்பு வந்தால் சும்மா இருப்பது என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

சிவப்பு வந்தது.

ஒரே காரியத்துக்கு இரண்டாம் முறை கேட்கக் கூடாது. கேட்டேன். அதுவும் சிவப்பு. "அம்மா ரெண்டு தரம் சொல்லீட்டா, இன்னும் என்னம்மிணி?" என்றார் பூசாரி.

படி இறங்கும்போது மனசு லேசாக இருந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

நேற்று தொழிற்சாலை ஆய்வாளர் வந்துபோனதை இன்றைக்குத்தான் சொன்னார். ஓர் அம்மாவாம், சின்ன வயசுதானாம். அறுந்த செயினைச் சாக்கில் போட்டு சீல் வைத்து எடுத்துக்கொண்டாராம். சோதனை நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்து ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னாராம்.

"யாருங்க இது எழுதறது, அச்சடிச்சாப்பல இருக்குதேன்னு கேட்டாங்க. என்ற ஊட்லங்கன்னேன்" என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

விசாரணையும் முடிந்துவிட்டதாம். கூண்டு திங்கட்கிழமை பூட்டியிருந்தது என்று நோட்டில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை செயின் திருமூர்த்தி கையில் இருந்தது. ஆகவே சாவியைத் திருட்டுத்தனமாக எடுத்துக் கூண்டைத் திறந்தவன் அவன்தான் என்று மேனேஜர் மெமோ எழுதிவிட்டார். ஸ்டாண்டில்தான் தொங்கியது, பூகூட இருந்தது என்று அவன் படுக்கையிலிருந்தே சொல்லி அனுப்பியிருக்கிறான். "ஓஹோ, சாமியே வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போச்சா?" என்று சம்பத்குமார் ஆபீசில் சிரித்தாராம்.

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொல்றது? நோட்டுல இருக்கறதைச் சொன்னேன்."

அக்டோபர் 23, புதன்

துவைத்தேன். அவர் சட்டைப் பையில் இளநீர்க் கடைச் சீட்டு ஒன்று. அவருக்கு இளநீர் ஆகாது, சளி பிடிக்கும்.

அக்டோபர் 25, வெள்ளி

திருமூர்த்தியின் பெண்சாதி ரேணுகா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா கண்ணு."

"இல்லீங்க்கா, ஆசுபத்திரிக்கு பஸ் வந்துரும்." செருப்பைக் கழற்றவில்லை. "நாலு வெரலை எடுத்துட்டாங்க. அதுக்குக்கூட அவரு அழுகலீங்க. திருடிப்போட்டான்னு காயிதம் குடுத்தாங்களே, அதைப் படிச்சுட்டுத்தான் அழுதாரு. இனி எந்தப் பவுண்டரியில போயி நிக்கறது? பேரே போச்சு."

நான் தண்ணீர் கொண்டுவந்தேன். சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"அக்கா, நீங்கதானுங்களே அன்னிக்குப் பூக் கட்டுனது? தகடு இருந்துச்சுன்னா தொட்டே இருக்க மாட்டேங்கறாரு. பொட்டு இருந்துச்சாமா, பூ இருந்துச்சாமா. மத்ததுக்கெல்லாம் நீட்டமா இருந்துச்சு, இதுக்கு மட்டும் கட்டையாட்ட இருந்துச்சு, அக்காளுக்குப் பூப் பத்தாமப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டே மாட்டுனேன்னு சொல்றாரு. அப்படி எதாச்சும் உங்களுக்கு நெனப்பு இருக்குதுங்களா?"

"நினைப்பில்ல கண்ணு" என்றேன்.

"உங்களுக்கா? பொட்டலத்துல எத்தனை பொரி இருந்துச்சுன்னு கேட்டாக்கூட நாகமணியக்கா சொல்லிப்போடுவாங்கன்னு ராஜம்மாக்கா சொல்லுவாங்களே."

சொம்பைத் தரையில் வைத்தாள். படியிறங்கித் திரும்பினாள். "உங்க ஊட்டுல சென்னியண்ணங்கிட்டச் சொல்லிருங்க. தெனமும் எளநி வாங்கீட்டு வந்து ஆசுபத்திரி வாசல்ல வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுப் போறாராமா. உள்ள வந்து ஒரு வார்த்தை கேக்கறதுக்கில்லாம எளநி எதுக்குங்க? வேண்டாமுன்னு சொல்லிருங்க."

சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. துளசிக்கு ஊற்றினேன்.

அக்டோபர் 26, சனி

"தெனமும் ஆசுபத்திரிக்குப் போறீங்களாமா?" என்று கேட்டேன்.

அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "இருவத்தாறு வருசம் நாகு. நான் பாத்து உட்ட சாமான் ஒண்ணு கீழ உழுந்ததில்ல."

"இப்ப உழுந்துருச்சுங்களே."

"அது நான் பாத்து உட்டதில்ல!" என்று கத்தினார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "உன்னையத்தான் சொல்லுவாங்க. பூசை பண்ண வந்த பொம்பளை, அறுக்க வெச்சதை எடுத்து ஊர்கோலம் உட்டுட்டாள்னு. அந்த சம்பத்து காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பான். அதுக்குத்தான் அந்த வரி."

"சிரிச்சுட்டுப் போகட்டுமுங்க."

"சொல்லிப்போட்டா? வெரலை ஒட்ட வெச்சுருவியா?"

சாப்பிடாமல் போய்விட்டார். தோசை நான்கு. காக்காய்க்கு ஒன்று வைத்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

சோதனை நோட்டு எடுத்தெழுதும் நாள். எடுத்தேன், எழுத வரவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த டைரியிலாவது உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

சோதனை நோட்டில் இப்படி இருக்கிறது. "அக். 14, திங்கள். கூண்டு பூட்டியுள்ளது. உள்ளே செயின் ஒன்று (17). தகடு உண்டு." என் எழுத்து. அன்று யாரும் கூண்டைப் பார்க்கவில்லை. அவர் உலைப் பக்கம் இருந்தார். நான் அதை எழுதியது பதினேழாம் தேதி சாயங்காலம், பருப்பு வேகும்போது. மேல் வரியின் மையும் இதன் மையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பழைய பேனாவைத் தேடி எடுத்தவளும் நான்தான். வரியை எழுதச் சொன்னவர் அவர், பேனாவைப் பற்றி அவர் சொல்லவேயில்லை.

பூசையன்று கூண்டு பூட்டித்தான் இருந்தது. நான் கேட்டேன் என்று அவர் சாவி எடுத்துவந்தார். "கழிச்சதுக்குமா பொட்டு? உன்ற சாமிக்கு வேற வேலையில்ல" என்று சிரித்துக்கொண்டே திறந்தார். செயினை வெளியே இழுத்து ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டதும் அவர்தான். எனக்கு அந்தக் கனம் முடியாது. தலை வளையத்தில் தகடு கட்டியிருந்தது. பூசை நாளில் பூவுக்கு மேல் "எடுக்காதே" என்று இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று நான் கம்பியை முறுக்கி அவிழ்த்தேன். என் கையால் எழுதியது. நம்பர் வெட்டியிருந்த இடத்தில்தான் மஞ்சளும் சந்தனமும் அப்பினேன், அதுதான் தட்டையாக இருந்தது.

"முடிஞ்சதும் மறக்காமக் கட்டீரு, உள்ள போட்டுப் பூட்டிரலாம்" என்றார்.

"கட்டீர்றனுங்க" என்றேன்.

அதற்குள் முதலாளி போட்டோவுக்குக் கூப்பிட்டார். அப்புறம் ஆரத்தி, பூசணிக்காய், பொரி. பொரி எண்ணிக்கொண்டிருந்தேன். பையன்கள் இருபத்துமூன்றையும் ஸ்டாண்டில் மாட்டிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் பொட்டு இருந்தது, எல்லாவற்றுக்கும் பூ இருந்தது. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்று பொரிப் பொட்டலம் திரும்பிவந்தது என்று எழுதினேன். கூடையில் தகடு திரும்பிவந்ததை எழுதவில்லை. பஸ்ஸில் கூடையை மடியில் வைத்திருந்தபோது தகரம் தொடையில் குத்தியது. குத்தியது எனக்குத் தெரியும். என்ன என்று பார்க்கவில்லை.

ரேணுகாவிடம் நினைப்பில்லை என்றேன். ஆறு கண்ணி.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். பலகாரம் செய்யவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். திருமூர்த்தி தூங்கிக்கொண்டிருந்தான். காலைத் துணியால் மூடியிருந்தார்கள். வராந்தாவில் ரேணுகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். ஒன்றுதான் சொன்னாள். அதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 2, சனி

சஷ்டி விரதம் ஆரம்பம். ஆய்வாளர் அம்மாவுக்குக் கடிதம் எழுதி மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். இந்த முறை பூக் கேட்கவில்லை.

வந்து பார்த்தால் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். நான் ஈரத் தலையோடு நின்றேன்.

"ரெண்டு டன் செயின்னு எழுதியிருக்க. அது மூணு டன்."

"மாத்தீர்றனுங்க."

இன்னொரு முறை மேலிருந்து படித்தார். "கூண்டுகிட்ட இருந்தவங்க பேருல ஒரு ஆள் குறையுதே."

அவர் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன்.

"கூண்டு தானாத் தொறந்துச்சான்னு கேப்பாங்க நாகு. கணக்குன்னா முழுசா எழுதோணும். திங்கக்கெழமை நானும் போயி அந்தம்மாவைப் பாக்கறேன். அதுக்கு முன்னால இது போயிரட்டும்."

மறுபடி எழுதினேன். நகல் கீழே.

ஆய்வாளர் அம்மா அவர்களுக்கு, சோதனை நோட்டை அச்சடித்தது போல எழுதுவது யார் என்று கேட்டீர்களாம். அது நான்தான். என் பெயர் நாகமணி. என் கணவர் பெயர் சென்னியப்பன்.

அக்டோபர் 11ஆம் தேதி பூசையின்போது கூண்டைத் திறந்த இடத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். என் கணவர், நான். திருமூர்த்தி அங்கே இல்லை. அவர் லைனில் மற்றவர்களோடு மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். பூட்டைத் திறந்தவர் என் கணவர். திறக்கச் சொன்னவள் நான். தகட்டை அவிழ்த்தவள் நான். மூன்று டன் தூக்கும் அந்த 17ஆம் நம்பர் செயின், தகடு இல்லாமல், பூவோடு ஸ்டாண்டுக்குப் போனது. அக்டோபர் 14ஆம் தேதி என்று நோட்டில் உள்ள வரியை நாங்கள் இருவரும் 17ஆம் தேதி எழுதினோம். அது பொய். அந்த வரியை வைத்துத்தான் திருமூர்த்தியைத் திருடன் என்கிறார்கள்.

தகட்டை இதோடு வைத்திருக்கிறேன். மஞ்சள் இன்னும் ஓரத்தில் இருக்கிறது.

என் வார்த்தையை நம்ப வேண்டாம். சீல் வைத்த சாக்கைப் பிரித்து, செயினின் தலை வளையத்தைப் பாருங்கள். பூக் காய்ந்திருக்கும், நூல் இருக்கும். பெல்ட் ஒன்றைத் தவிர ஸ்டாண்டில் மற்ற எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு கண்ணி கட்டினேன். அந்தச் செயினுக்கு ஆறு. எண்ணிப் பாருங்கள். திருமூர்த்தி சொன்ன கட்டைப் பூ அதுதான். அவர் பொய் சொல்லவில்லை.

எங்களுக்கு என்ன தண்டனை என்பதை நீங்கள் விதிப்படி செய்யுங்கள். திருமூர்த்தி மேல் போட்ட பழியை மட்டும் எடுத்துவிட்டு, எடுத்துவிட்டதாக அவர் பெயருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அவர் மனைவியிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். "வாயில சொல்றது வேண்டாமுங்க்கா. காயிதத்துல வந்த பழி காயிதத்துலயே போகோணும்" என்றார்.

ஆகையால் தயவுசெய்து பதிலைச் சீக்கிரம் அனுப்பவும்.